முந்தானையில் முடிந்த சாவி

கார் நகர்ந்தபோது அதன் சாவிகள் இரண்டும் என் முந்தானையில் முடிந்திருந்தன. இதை எழுதும்போதுகூட என் கை ஒருமுறை முந்தானை நுனிக்குப் போய் வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் குடியிருந்தோம். மகளுக்கு நடை பழகி, ஓட்டமும் பழகிவிட்ட வயது. காரின் முன்னால் குந்தி, பம்பரில் தெரியும் தன் கோணல் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவளுக்கு விளையாட்டு. நத்தத்துத் தோப்புக்காரர் ஒருவரிடமிருந்து என் கணவர் வாங்கிய பழைய கார் அது. கைப்பிரேக் பிடிக்காது. எங்கள் வீட்டு முன்பக்கமோ தெருவை நோக்கிச் சரிவு. அதனால் முதல் கியரில் போட்டு, இடது முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துத்தான் நிறுத்துவார். அந்தக் கல் இடத்தில் இருக்கிறதா என்று நான் அடிக்கடி எட்டிப் பார்ப்பது வீட்டில் எல்லோருக்கும் கேலி.

அந்த ஆண்டு ஆயுத பூஜையின்போது காருக்குப் பொட்டு வைத்த கையோடு சாவித் துளையின் மேலும் சந்தனத்தை அப்பிவிட்டோம். அது உள்ளே போய் இறுகிவிட்டது. சில நாள் சாவி முரண்டு பிடித்தது. ஒரு காலையில் அவர் பலமாகத் திருக, பாதிச் சாவி உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது.

சாணார்பட்டியிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காவை அன்று ஊரில் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. மதினி சும்மா இருக்கவில்லை.

"ஊரு பூராவும் பூட்டு செய்யிறான். ஒனக்கு ஒரு பூட்டு மாத்தத் தெரியலையாலே?"

அந்தப் பேச்சுக்காகவே அவர் மதுரைக்கு ஆளனுப்பிப் புதுப் பூட்டு வாங்கி வரச் சொன்னார். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று நான் சொல்ல நினைத்தேன். அக்கா எதிரில் சொன்னால் அவருக்குக் குறைவாகுமோ என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை வேலையைத் தொடங்கும்போது புதுப் பூட்டின் சாவிகள் இரண்டையும் என்னிடம் கொடுத்தார்.

"நீ வச்சுக்க. பிள்ள எடுத்து வாயில போட்டுறப் போகுது."

முந்தானையில் முடிந்துகொண்டேன். மனசுக்குள் ஒரு நிம்மதி. பெட்டியானாலும் அறையானாலும் சாவி என்னிடம் இருந்தால் வேறு யாரும் திறக்க முடியாது. காரும் அப்படித்தான் என்று நம்பினேன்.

வலப்பக்கக் கதவைத் திறந்து, கால் இரண்டும் வெளியே நீட்டியிருக்க, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருந்தார். நான் குனிந்து டார்ச் பிடித்தேன். பழைய பூட்டைக் கழற்றிவிட்டார். ஒயர்கள் தொங்கின.

"பிள்ள எங்க மதினி?"

"இந்தா, எங்கிட்டதான் நிக்கிது."

செத்த நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன்.

"ஏத்தா, இப்படிப் பிள்ள பிள்ளன்னு எண்ணிக்கிட்டே இருந்தா பிள்ள தேஞ்சு போயிரும்!"

உள்ளே படுத்திருந்தவரும் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த முறை கேள்வி நாக்கு நுனிவரை வந்தும் விழுங்கிவிட்டேன்.

மதினி அடுப்படியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். "புதுச் சாமான் மாட்டுறீக. சக்கரத்துக்குப் பழம் வைக்காம நான் ஏற மாட்டேன்" என்று சொல்லி, என் பக்கத்துச் சக்கரத்தின் முன்னால் ஒன்றை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். பிறகு, "சூடம் எடுத்துட்டு வாரேன்" என்று வீட்டுக்குள் போகும் குரல் கேட்டது.

"எந்த ஒயரு எதுக்குன்னு குழம்பிப் போச்சு. சேத்துப் பாத்துட்டு மாட்டுறேன்" என்றார் அவர்.

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

என் கை முந்தானைக்குப் போனது. முடிச்சு அப்படியே இருந்தது. "சாவி இல்லாமலா எரியுது?"

"சாவி எதுக்கு? அது செய்யிறதும் இந்த ரெண்டு ஒயரச் சேக்குறதுதானே."

கண் தானாகக் கீழே போனது. சக்கரத்தின் முன்னால் மஞ்சளாக அந்தப் பழம். அப்படியானால் இடது சக்கரத்துக்கு எங்கே வைத்திருப்பார்? அங்கேதான் கல் இருக்கிறதே. கல் இருந்தால் பழத்துக்கு இடம் ஏது?

டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினேன்.

"ஏய், விளக்கு!" என்று அவர் கத்தியதும், எஞ்சின் பிடிக்கிறதா என்று பார்க்க இருட்டில் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்ததும் ஒன்றாக நடந்தன. முதல் கியரிலேயே இருந்த கார் முக்கியபடி ஓர் எட்டு வைத்தது. என் மகள் இடது சக்கரத்தின் முன்னால் குந்தி, பழத்தைப் பந்து மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கையைப் பிடித்தேன், எப்படி இழுத்தேன், தெரியாது. நாங்கள் இருவரும் மண்ணில் விழுந்தோம். பக்கத்தில் சக்கரம் உருண்டு போனது. எஞ்சின் பிடித்துக்கொண்டு உறுமியது. அவர் ஒயரைப் பிடுங்கியிருக்க வேண்டும், சட்டென்று நின்றது. எலுமிச்சைச் சாற்றின் வாசனை வந்தது.

"பாத்தியா, ஓடிருச்சு!" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தவர் எங்களைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

மதினி சூடத்தட்டோடு வந்தார். முதலில் கண்ணில் பட்டது பழங்கள்தான். "ரெண்டும் நசுங்கிருச்சா? நல்லது..." என்றவர், மண்ணில் கிடந்த எங்களைப் பார்த்தார். பிறகு சுவரோரம் தாமே ஒதுக்கி வைத்த கல்லைப் பார்த்தார். தட்டைத் தரையில் வைத்தார்.

"கல்லு கெடந்தா பழத்து மேல எப்படி ஏறும்னு... நான் அதுக்குத்தாம்ப்பா..."

என் மகள் மட்டும் அழுதாள், கை வலியால் அல்ல. "எம் பந்து, எம் பந்து" என்று நசுங்கிய பழத்தைக் காட்டி அழுதாள். அவள் கையையும் காலையும் விரலையும் தடவித் தடவிப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

மதினி பஸ்ஸில் போவதாகச் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. புறப்படும்போது குழந்தையின் தலையைத் தொட வந்து, தொடாமலே போனார்.

மாலையில் அவர் பூட்டை மாட்டி முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவரும் என்னைப்போலவே அவள் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"சாவியக் குடு. போட்டுப் பாக்கணும்."

முந்தானையை எடுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். காலையில் எப்போது இறுக்கினேனோ, விரலுக்கு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை அவரிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதில்லை.

"சாவி எதுக்குங்க?"

அவர் வெளியே போனார். சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லைக் காலால் உதைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறையும் கேட்டது.