கோலத்தில் விட்ட வழி

எங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டின் மேல் துருப்பிடித்த பால்பவுடர் டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளே கோலப்பொடி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், ரிட்டயர்டு கணக்கு டீச்சர், கொடுத்தது. ஒரு காலத்தில் இதைக் கண்டாலே எனக்குப் பயம்.

அப்போது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை, தினமும் பஸ். கல்யாணமாகவில்லை. கூட இருந்தது புஜ்ஜி. காய்கறிப் பையில் அடங்கிவிடும் பொமரேனியன். வேட்டை நாய்க்குப் பேர்போன ஊரில் வேலை பார்த்துக்கொண்டு இதை வளர்த்ததற்காக, "எங்க ஊர் மானத்தை வாங்கவே வளக்கீகளா சார்?" என்று கேட்டார் கம்பெனி வாட்ச்மேன். டீச்சருக்கு வேறு வருத்தம். அவர் கோலம் போட்டு நிமிர்வதற்குள் நடுவில் நாலு பாதம் பதிந்திருக்கும். ஒருநாள் கூப்பிட்டு, "இன்னொருக்க மிதிச்சா, தம்பி, நீங்களும் நாயும் வேற வீடு பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஒண்டிக்கட்டைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு. நாயோடு வரும் ஒண்டிக்கட்டைக்கு யார் கொடுப்பார்கள்?

டீச்சரிடமே பொடி வாங்கி, அறைக்குள் கோடு போட்டுப் பாடம் ஆரம்பித்தேன். கோட்டில் கால் வைத்தால் அதட்டல், நின்றால் பிஸ்கட். புஜ்ஜி கோட்டை நக்கிப் பார்த்துவிட்டுப் பிஸ்கட்டுக்கு என் முகத்தைப் பார்த்தது. ஜன்னல் வழியாகக் கவனித்த டீச்சர், "கோடே கோணலா கெடக்கு. நாய் எப்பிடி மதிக்கும்?" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். அவர் போட்ட கோட்டுக்கு ஸ்கேல் தோற்கும். நாலே நாளில், வெள்ளைக் கோட்டைக் கண்டால் புஜ்ஜி பிரேக் போட்டது போல் நின்றது. வாசலில் கோலத்தைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போய்வர ஆரம்பித்தது. எனக்கு வீடு தப்பியது.

ஆடிப்பூரத் தேரன்று கம்பெனிக்கு டீச்சரின் போன் வந்தது. "ஒங்க நாய் விடியமுன்ன வெளிய போச்சு. இப்ப தெருவுல நின்னு அழுவுது. உள்ள வரமாட்டேங்குது!" தேருக்காக முனிசிபாலிட்டிக்காரர்கள் தெருவின் இருபுறமும் பிளீச்சிங் பவுடரைக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். டீச்சர் விளக்குமாற்றால் அதைத் தள்ளிவிட, புஜ்ஜி வாசல்வரை வந்து மறுபடியும் நின்றுவிட்டது. திருநாளாயிற்றே, சுவருக்குச் சுவர் கோலம், சுற்றிப் போக ஓரமே இல்லை. அவ்வளவு கூட்டத்தில் ஒரு கால் பட்டாலே அதன் கதை முடிந்துவிடும். தூக்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "குளிச்சுக் கோயிலுக்குப் பொறப்பட்டு நிக்கேன். நாயைத் தொடவா?" என்று போனை வைத்துவிட்டார்.

பஸ்ஸில் நான் கும்பிடாத சாமி இல்லை. வந்து பார்த்தால், அத்தனை பெரிய கோலத்தின் நடுவில் காலால் அழித்த ஓர் அடி அகலப் பாதை. அதன் முடிவில் டீச்சர் உட்கார்ந்திருந்தார், மடியில் புஜ்ஜி. கோயிலுக்குப் போகவில்லை. "எங்க நிக்கணும்னு சொல்லிக்குடுத்தோம். எப்ப உள்ள வரலாம்னு சொல்லிக்குடுக்கலையே, தம்பி" என்றார். மூக்கை உறிஞ்சினார். மறுநாளிலிருந்து அவர் கோலத்தில் ஓர் அடி இடைவெளி இருந்தது.

டீச்சர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ராஜபாளையத்தில் சொந்த வீடு கட்டிவிட்டேன். என் மனைவி அந்த டப்பாவிலிருந்துதான் பொடி எடுத்து, வழி விட்டுக் கோலம் போடுகிறாள். புஜ்ஜிக்குக் கண் மங்கிவிட்டது. வழியை விட்டுவிட்டு நேராகக் கோலத்தை மிதித்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குத் திக்கென்கிறது. அப்புறம்தான் சொந்த வீடு என்பது நினைவுக்கு வருகிறது. காலி பண்ணச் சொல்ல ஆள் இல்லையே என்று இருக்கிறது.