அசையாமல் நின்ற 1190

1999 மே 18, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. வானத்தில் மேகம் கிடையாது. வேப்ப இலைகூட அசையவில்லை. டைரியைப் பார்க்காமலே சொல்கிறேன். இன்று காலை கரண்ட் போய், எதிர்வீட்டு ஜெனரேட்டர் புகை ஜன்னல் வழியாக வந்தது. அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதுமே இந்தத் தேதியும் வந்துவிட்டது. காகிதம் பறக்காமலிருக்க மேசையில் வைத்திருக்கும் ஃப்யூஸ் கட்டையை எடுத்து அலமாரிக்குள் தள்ளினேன். அது உருகி வளைந்த கட்டை.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கூடத்தில் அப்போது கணக்கும் கணினியும் என் பொறுப்பு. ஃப்யூஸ் கட்டை சுடுகிற எண்ணெய்ச் சூளைகள் இரண்டு. சூளையின் சூட்டைக் கம்பி வழியாக வாங்கித் திரையில் காட்ட ஒரு பழைய கணினிப் பெட்டி, அதில் லினக்ஸ். நினைவகம் எட்டே எம்பி. அதில் கெர்னல் மட்டும், அதாவது மற்றதெல்லாம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்த அடிப்பகுதி மட்டும், ஒரு எம்பிக்கு மேல் விழுங்கியது. இல்லாத சவுண்ட் கார்டுக்கு எதற்கு இடம்? சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டுகளை எண்ணுகிறவனுக்கு இது பொறுக்குமா?

மே 2, ஞாயிற்றுக்கிழமை, மெலிந்த கெர்னல் ஒன்று செய்தேன். பெட்டி அதைக் கோத்து முடிக்க இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஆனது. பழைய கெர்னலில் இருந்த ஐம்பத்திரண்டு சங்கதிகளில் இருபத்தொன்பதை அடியோடு நீக்கினேன். பதினான்கை மாடியூல்களாக, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டுகளாகப் பிரித்தேன். சூளைக் கம்பி வந்து சேரும் அட்டையின் டிரைவரும் அந்தப் பதினான்கில் ஒன்று. ஒரு வரி தட்டி அதைக் கையால் ஏற்றினேன், சூடு வந்தது. பெட்டி தொடங்கும்போதெல்லாம் அந்த வரி தானாக ஓடும்படி எழுதி வைத்திருக்க வேண்டும். நாளைக்கு என்று விட்டேன்.

சூளை எரியும்போது பெட்டியை அணைக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. சூளைக் கதவுக்கும் பெட்டிக்கும் ஒரே கற்பூரத்தைத்தான் காட்டுவார்கள். அந்த மாதம் இரண்டு சூளைகளும் மாறி மாறி எரிந்தன. பதினாறு நாள் பெட்டி அணையவில்லை. என் நாளையும் வரவில்லை. பெட்டி ஒழுங்காக ஓடுகிற சந்தோஷத்தில், சூளைக்குள் வைத்தால் சரியான சூட்டில் தலைசாயும் மண் கோன் வாங்குவதையும் நிறுத்தியிருந்தேன். பெட்டி இருக்கும்போது அது எதற்கு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சூடு வராவிட்டால் திரையில் பூஜ்ஜியம் வந்து ஆட்கள் பயந்தார்கள் என்று, கடைசியாக வந்த எண்ணை வட்டில் சேமித்து அதையே காட்டும்படி நான்தான் எழுதியிருந்தேன்.

2.40க்குக் கரண்ட் போனது. காற்றடிக்கும் விசிறி நின்று சூளை மூச்சடங்கியது போல இருந்தது. பெட்டியும் அணைந்தது. ஏழாவது நிமிடம் ஜெனரேட்டர் ஓடி, விசிறி சுழன்றது, பெட்டியும் தானாகவே எழுந்தது. திரையில் 1190. வேண்டியது 1250 டிகிரி. மூன்றரை மணிக்கும் 1190.

பர்னர் பார்க்கும் ராஜமாணிக்கம் என் வயதுக்காரர். போன மாதம் ஒரு சூளை வேகாமல் போனதில், "இன்னொரு தடவன்னா கணக்க முடிச்சிக்க" என்று முதலாளி அவரிடம் சொல்லியிருந்தார். அந்தப் பயம் அவரைவிட எனக்கு அதிகம்.

"ஏறவே இல்ல ராஜமாணிக்கம். எண்ணெயத் தெறங்க."

அவர் சூளையின் பார்வைத் துளையில் கண்ணை வைத்தார். "வெளுத்துக்கிட்டு வருது சார். இது அந்த நம்பரு கலரு இல்ல."

"ஒங்க கண்ணுக்கு வயசு என்ன?"

"ஒங்க பொட்டிய விட மூத்ததுதான்."

"தெறங்க."

"தெறக்கறேன். நாளைக்குக் கேட்டா நீங்க சொன்னதா சொல்லுவீங்களா?"

"சொல்றேன்யா."

இரண்டு சுற்று திறந்தார். உறுமல் கூடியது. சூளைக் கதவின் இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. எண் மட்டும் அசையவில்லை. நாலரைக்கு அவரே, என்னைக் கேட்காமல், எண்ணெயை மூடினார்.

சூளை ஆறி, வியாழக்கிழமை திறந்தார்கள். 6,840 கட்டைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"யாரு தெறந்தது?" என்றார் முதலாளி.

ராஜமாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வூட்டுக்குப் போயிட்டு வரேன் சார்" என்றார். அதை என்னிடம்தான் சொன்னார். எல்லாரும் போன பிறகு, பெட்டியில் ஏறியிருக்கும் மாடியூல்களின் பட்டியலைத் திரையில் வரவழைத்தேன். எண்ணினேன். சூளை அட்டையின் டிரைவர் அதில் இல்லை; பெட்டி மறுபடி எழுந்தபோது அதை ஏற்ற நான் எழுதாத அந்த வரி ஓடவில்லை.

முதலாளியிடம் நான் வாய் திறக்க நான்கு நாள் ஆனது. அவர் கத்தவில்லை. கட்டைக்கு இரண்டே கால் ரூபாய் வீதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி, "அந்தாள கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

வேப்பூரில் லாரிகள் நிற்கும் ஒரு ஓட்டலில், பரோட்டாக் கல்லுக்குக் கீழே விறகு தள்ளிக்கொண்டிருந்தார் ராஜமாணிக்கம். நிமிரவில்லை.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன். வாங்க."

"எப்ப சொன்னீங்க?"

"நாலு நாள் கழிச்சி."

"டீ சாப்டுங்க சார். இங்க நம்பரு கெடையாது, கலருதான்."

மறுபடி போனேன். மூன்றாம் தடவை போனபோது அவர் அங்கே இல்லை. எங்கே போனார் என்று கல்லாக்காரருக்கும் தெரியவில்லை.

அந்தக் கூடம் இன்று ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தம். பெட்டி எடைக்குப் போனது. அந்த ஒரு வரியை மட்டும் இன்றும் தப்பில்லாமல் தட்டுவேன். ஏற்றத்தான் எதுவும் இல்லை.

கட்டைக்கு 15,390. வேப்பூருக்கு மூன்று தடவை போய்வர பஸ்ஸுக்கு 27. டீக்கு அவர் காசு வாங்கவில்லை. ஆக மொத்தம் 15,417 ரூபாய்.