சரி, வாரேன்

அன்று போர்ட் பிளேர் லம்பா லைனில் என் வாடகை அறையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான். இல்லாதவர் அக்காவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை. அவர் கூடலூரில், என் அத்தை வீட்டில், ஒரு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் மற்ற மூவரும் நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்து கப்பலேறி என்னிடம் வந்திருந்தார்கள்.

கட்சாலில் அப்போது போனில் பேச முடியும், அதுவும் காற்று மழை இல்லாத நாளில். படம் வராது. போர்ட் பிளேரில் 3ஜி வந்துவிட்டது என்று வீட்டுக்குச் சொன்னவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால், போன் விஷயத்தில் நான் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. “எதுத்தாப்புல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கும்ப்பா” என்று வேறு சொல்லியிருந்தேன்.

அக்காவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. சுனாமியில் அப்பாவின் கால் முறிந்து, சரியாகக் கூடாமல் போனதிலிருந்து வீடும் என் படிப்பும் அவள் சம்பளத்தில்தான் நடந்தன. அதை விட்டுவிட்டு மெயின்லேண்டுக்கு வாழப் போக அவள் தயாராக இல்லை. முன்னே வந்த இரண்டு வரன்களும் அந்த இடத்தில்தான் அறுந்தன. கூடலூர்க்காரரும் எங்களைப் போல சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பத்து ஆள். “நல்ல பையன். அங்க வந்து இருப்பானான்னு அவன் வாயாலயே கேட்டுக்கங்க” என்று அத்தை சொல்லியிருந்தாள்.

படம் வந்தது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, “எங்கண்ணன் ஜாடை” என்றாள்.

“மெதுவாம்மா, அவருக்குக் கேக்கும்” என்றேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, படம் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் வாய் பாதி திறந்திருந்தது.

“என்னடா, கொட்டாவி விடுறாரா?” என்றார் அப்பா.

“மாட்டிக்கிச்சுப்பா. டவர் ஃபுல்லாதான் இருக்கு.”

“டவர் ஃபுல்லு. ஆளத்தான் காணோம்.”

படம் போனாலும் பேச்சு போகும் என்று நான் சொன்னதும், அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவள் சுற்றி வளைக்கவில்லை. “நான் வேலைய விட மாட்டேன். நீங்க இங்க வந்து இருப்பீங்களா?” என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. எட்டி, “சரி தம்பி, அப்ப வச்சிரவா?” என்றார்.

உடனே குரல் வந்தது. “சரி, வாரேன்.”

லைன் அறுந்தது.

எங்கள் ஆட்கள் யாரும் விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டார்கள். வீட்டை விட்டுக் கிளம்பினாலும் வாரேன், போனை வைத்தாலும் வாரேன். அதனால் நாங்கள் நான்கு பேரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டோம்: கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டார்.

“திரும்பக் கூப்பிடவாப்பா?” என்றேன்.

“பொண்ணு வீடுன்னா கெஞ்சணுமா? விடு.”

அக்கா, ஊருக்குக் கொண்டுபோக வாங்கியிருந்த வெங்காயத்தைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அடுத்த கப்பலில் மூவரும் திரும்பிப் போனார்கள்.

பதினெட்டு நாள் கழித்து அத்தை என்னைக் கூப்பிட்டாள். சாதாரண போன்தான், படம் கிடையாது.

“ஏன்டா, மனுசங்களாடா நீங்க? பையன் வாரேன்னு சொல்லி கப்பல் டிக்கெட்டும் எடுத்துட்டான். கட்சாலுக்கு வெளியாள் வர பாஸ் வேணுமே, அதுக்கு உங்கப்பன் ஒரு லெட்டர் அனுப்புவான்னு பாத்துப் பாத்து, நேத்துதான் கேன்சல் பண்ணான்.”

“அத்தை, அவரு போன வைக்கத்தானே வாரேன்னாரு?”

“எவன்டா சொன்னான்? உங்கக்கா வந்து இருப்பீங்களான்னு கேட்டா. அவன் வாரேன்னான். அதோட லைன் போயிருச்சு.”

‘வச்சிரவா’ என்று அப்பா கேட்டது அங்கே போய்ச் சேரவே இல்லை. ரீசார்ஜ் கடைக்காரரிடம் போய் ஏன் இப்படி என்று கேட்டேன். “சப் சாட்டிலைட் சே ஜாதா ஹை, பாய்” என்று விரலை மேலே காட்டினார்; எல்லாம் சாட்டிலைட் வழியாகத்தான் போகிறதாம். டவர் மட்டும்தான் புதிது. மெயின்லேண்டுக்குக் கடலுக்கடியில் கேபிள் அப்போது வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் வானத்துக்கு ஏறித்தான் இறங்கியது. அக்காவுக்கு வந்த பதில், வழியில் தாமதமாகி அப்பாவின் கேள்விக்குப் பின்னால் வந்து விழுந்திருக்கிறது. இது தெரியாமல்தான் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும் என்று சொல்லியிருந்தேன்.

கட்சாலுக்கு லைன் கிடைக்க மேலும் இரண்டு நாள் ஆனது. சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அதுவும் சாட்டிலைட்டோ என்று நினைத்தேன்.

“நல்லா படிச்சடா, காலேஜ் தொரை” என்றார் பிறகு.

போன் அக்கா கைக்கு மாறியது. “அவரு நம்பரக் குடு. வாரேன்னா வர்றதுக்கா போறதுக்கான்னு நானே கேக்குறேன்.”

கேட்டாள். வர்றதுக்குத்தான் என்றாராம். கேட்ட பிறகு பதில் வரும்வரை மனதுக்குள் பத்து எண்ணினேன் என்று என்னிடம் சொன்னாள்.

லெட்டர் போய், பாஸ் கிடைத்து, மாப்பிள்ளை கட்சால் கப்பல் ஜெட்டியில் இறங்கினார். நானும் கூடப் போயிருந்தேன். பழைய டிக்கெட்டைக் கேன்சல் செய்ததில் பிடித்துக்கொண்ட பணத்தை, பெட்டியைக்கூட வாங்காமல் முதலில் அப்பா அவர் சட்டைப்பையில் வைத்தார்.

“ஐயோ, எதுக்கு மாமா இது?”

“வாங்கிக்கங்க” என்றாள் அக்கா. “இல்லாட்டி ஆயுசு பூரா நீங்க சொல்லிக்காட்டுவீங்க.”

எழுநூற்று எண்பது ரூபாய்.