கத்தி படும், ஊசி படாது

நெவில் ஸ்டப்ஸ் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். அதனால் அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் ஊர் விரபில்லாவில் பலருக்கு வருகிறது. குறிப்பாக, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்களுக்கு.

நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்; சின்ன ஆஸ்பத்திரி என்பதால் வார்டையும் பார்ப்பேன். நோயாளியின் கதையை நர்ஸ் வெளியே சொல்லலாமா என்று கேட்பீர்கள். கூடாது. ஆனால் இந்தக் கதையை நெவிலே ரேடியோவில் சொன்னான், மேடையில் சொன்னான், இறைச்சிக்கடை வரிசையில் நின்றும் சொன்னான். அவன் விழுங்கிய பாகத்தைத்தான் நான் சொல்லப் போகிறேன். அதற்கும் அவனிடம் கேட்டேன். “சொல்லு கண்ணு, விளம்பரந்தானே” என்றான்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த பழைய கார் விற்கும் இடத்தில் அவன் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தான். அதை மூடியதும் மூன்று மாதம் வீட்டில் சும்மா கிடந்தான். பிறகு கோல்டு கோஸ்ட் போய் இரண்டு சனி ஞாயிறு ஒரு பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு வந்தான். போனது கார் விற்பவன், வந்தது ஹிப்னாடிச நிபுணன். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு எங்கள் ஊரில் வேறு சாட்சி வேண்டாம்.

பழைய வீடியோ கடையின் பின்னறைதான் அவனது சிகிச்சை அறை. எங்கேயோ மூடிய பல் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்த சாய்வு நாற்காலி நடுவில் கிடக்கும். அதில் உங்களைச் சாய்த்து, பத்திலிருந்து ஒன்று வரை எண்ணி, ஒரு படிக்கட்டில் இறக்கி, ஒரு கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்துவான். உங்கள் மண்டைக்குள் வலிக்கு, ரேடியோவில் இருப்பதுபோல, ஒரு திருகு இருக்கிறதாம், அதைக் குறைக்கச் சொல்லுவான். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு பொன்னிற வெளிச்சம் வந்து தையல் போட்ட இடத்தை ஒட்ட வைக்கும் என்பான். வீட்டில் கேட்க அவன் குரலிலேயே ஒரு பதிவு உண்டு. ‘ஓடினது கம்மி, ஒரே ஓனர்’ என்று முன்பு சொன்ன அதே குரல்தான்.

நான் சிரித்தேன். ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரான் டைசன் என்று ஒருவர், மாட்டுச் சந்தையில் எருதைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவர், ஊசியைக் கண்டால் கட்டிலிலிருந்து இறங்கி ஓடுவார். மூட்டு ஆபரேஷனுக்கு முன்னால் ஆறு வாரம் நெவிலிடம் போனார். ஆபரேஷன் அன்று கண்ணை மூடி, மூச்சை எண்ணிக்கொண்டு, கையை நீட்டினார். நான் ஊசி ஏற்றினேன். அசையவில்லை. பயம் குறைந்தால் உடம்பு ஒத்துழைக்கும், வலி மருந்தும் கொஞ்சம் குறைவாகவே தேவைப்படும். இதை எங்கள் மயக்க மருந்து டாக்டர் ஒபியே ஒப்புக்கொள்கிறார். நெவில் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

அவன் நிறுத்தவில்லை. பெரில் க்ராஃப்ட் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது; அவரும் நெவிலிடம் காசு கட்டிப் போனவர். இடுப்பு மூட்டு மாற்றினார்கள். பத்தாம் நாள் காயம் சீழ் பிடித்துத் திரும்பி வந்தார். நெவில் பூங்கொத்தோடு பார்க்க வந்தான். நான் மருந்து மாற்றிக்கொண்டிருந்தபோது என் காதுபடவே கேட்டான்: “பெரில் கண்ணு, மனசு மறைக்கறத உடம்பு சொல்லும். யாரை நீங்க இன்னும் மன்னிக்கல?”

காயத்தில் இருந்தது கிருமி. அதற்குப் பெயர் உண்டு, ஆய்வுக்கூட அறிக்கை உண்டு. நான் அதைச் சொன்னேன். நெவில், பாவம் இவளுக்கு என்ன தெரியும் என்பதுபோல என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தான். அவன் போன பிறகு பெரில் அம்மா நாலு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். ஐந்தாம் நாள் டாஸ்மேனியாவில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார்.

“எட்னா, அம்மாவோட தையல் மிஷின நீ எடுத்துக்கிட்டுப் போனத நான் மன்னிச்சுட்டேன்.”

முப்பது வருடமாக அந்தத் தையல் மிஷின் தனக்கு முறைப்படி வந்தது என்று நம்பிக்கொண்டிருந்தவள் எட்னா. “மன்னிக்கறியா? நீ யாருடி என்னை மன்னிக்க?” என்று ஆரம்பித்தது வார்டு முழுக்கக் கேட்டது. அதுவரை வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருந்த அக்காவும் தங்கையும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். காயம், மருந்தால், இரண்டு வாரத்தில் ஆறியது.

“நல்லா இருந்த புண்ணையும் கிளறிவிட்டுட்டான் மார்னி” என்றார் பெரில் அம்மா என்னிடம். எந்தப் புண் என்று நான் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில், அந்தச் சாய்வு நாற்காலியைத் தூக்கி அடியில் பெருக்கப் போய் நெவிலுக்குக் குடல் இறங்கிவிட்டது. ஹெர்னியா. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. வேறு யாராக இருந்தாலும் ரகசியமாக வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். இவன் அன்று மாலையே உள்ளூர் ரேடியோவில் அறிவித்தான்: “மயக்க மருந்து இல்ல, ஊசி இல்ல. என் மனசு மட்டும். கத்தி படும், ஊசி படாது!” ரேடியோக்காரர் மேசையைத் தட்டினார். அந்த வாரம் முழுக்க ஊரில் அதுதான் பேச்சு. பப்பில் பந்தயம்கூடக் கட்டினார்கள்.

அறுவை டாக்டர் லாக்கியர் அம்மாவுக்கு இந்தச் செய்தி போனது. அவர் குதிரை வளர்ப்பவர். மனிதர்களிடமும் அதே தொனியில்தான் பேசுவார்.

“இங்க பாரு நெவில். உன் மனசு எங்க வேணா போய் மேயட்டும். உடம்பு என் மேசையில இருக்கற வரைக்கும், மரத்துப்போற ஊசி போடாம நான் கத்திய எடுக்க மாட்டேன். முழு மயக்கம் வேணாம்னா சரி. தேவைப்பட்டா டாக்டர் ஒபி தூக்க மருந்து தருவாரு. இஷ்டம்னா கையெழுத்துப் போடு. இல்லன்னா புடைப்பத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ.”

நெவில் கையெழுத்துப் போட்டான். பிறகு கதவருகே நின்று, தணிந்த குரலில், “இந்த ஊசி விஷயம் வெளிய போகாதில்ல டாக்டர்?” என்றான். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆபரேஷன் அன்று காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திருமணத்துக்கு வருகிறவனைப் போல வந்தான். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு வரும்வரைக்கும் கை அசைத்தான். மேசையில் படுக்க வைத்து, தலைக்கு மேல் விளக்கைப் போட்டதும் முகம் வெளுத்தது. நாடி நூற்று இருபது. இரத்த அழுத்தத்தைப் பார்த்து டாக்டர் ஒபி புருவத்தை உயர்த்தினார்.

கண்ணை மூடித் தன் பதிவையே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “சே, இந்த இடத்துல அவசரப்பட்டுட்டேன்” என்று முணுமுணுத்தான். “மூச்சு வாங்கறது வேற கேக்குது… மறுபடி பதிவு பண்ணணும்.” ஊருக்கெல்லாம் உறக்கம் தந்த குரலில் அவன் குற்றம் பார்க்க ஆரம்பித்துவிட்டான். நாடி நூற்று முப்பது. நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

“கடற்கரைக்குப் போ நெவிலு” என்றேன்.

“போயிட்டேன்.”

“எந்தக் கடற்கரை?”

“தெரியல. எனக்குக் கடலே ஆகாது மார்னி. ஏழு வயசுல ஜெல்லிமீன் கொட்டுச்சு. அதுக்கப்புறம் நான் காலு நனைச்சதே இல்ல.”

பத்து வருடமாகப் பாதி ஊரைக் கடற்கரையில் நிறுத்தியவன் சொன்னது இது. முகக்கவசத்துக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விட மறுத்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“தூக்க மருந்து போடட்டுமா?” என்றார் டாக்டர் ஒபி.

“வேணாம். வேணும். இல்ல, வேணாம்! ரேடியோல சொல்லிட்டேன் டாக்டர்!”

எனக்கு அப்போது அந்த யோசனை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அவன் காதருகே குனிந்து, “நெவிலு, என் காரு போன வாரம் படுத்துருச்சு. எனக்கு ஒரு வண்டி வேணும்” என்றேன்.

ஒரு கண் திறந்தது.

“என்ன வேலைக்கு?”

“வேலைக்கு வர, பேரப்பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போக.”

“எத்தனை பேரப்பிள்ளைங்க?”

“மூணு.”

“அப்ப சின்ன வண்டி ஆகாது. கேளு கண்ணு. என்கிட்ட ஒரு ஸ்டேஷன் வேகன் வந்திருக்கு. வெள்ளி நிறம். ஓட்டினது ஒரு ஸ்கூல் டீச்சர். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு, மத்த நாள் ஸ்கூலுக்கு, அவ்வளவுதான்.”

டாக்டர் லாக்கியர் மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். நெவில் லேசாக முகம் சுளித்தான். ஈயை ஓட்டுகிறவன்போல அதை ஒதுக்கிவிட்டு, பின்சீட்டை மடக்குவது எப்படி என்று விளக்கப் போய்விட்டான். ஊசி வேலை செய்யத்தான் செய்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் மரத்துப்போன பிறகும் உள்ளே இழுப்பதும் தள்ளுவதும் தெரியும். எத்தனையோ பேர் அதற்கே அலறியிருக்கிறார்கள். இவன் அலறவில்லை. அவன் அங்கே இல்லவே இல்லை. மூடிப்போன அந்தக் கார் விற்பனை இடத்தில், வெயிலில் மின்னும் முன்கண்ணாடிகளுக்கு நடுவில், கையில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றிருந்தான். நாடி எழுபத்தெட்டு.

“எவ்வளவு ஓடியிருக்கு?” என்று கேட்டார் டாக்டர் ஒபி, அவரையும் மீறி.

“நம்பவே மாட்டீங்க டாக்டர்.”

“நம்ப மாட்டேன், சொல்லு.”

“குதிரை ஏத்தற டிரெய்லர இழுக்குமா?” என்று கீழேயிருந்து குரல் வந்தது. டாக்டர் லாக்கியர்தான். தலையை நிமிர்த்தவில்லை.

“இழுக்குமாவா? குதிரையோட சேத்து லாயத்தையே இழுக்கும்மா!”

நாற்பத்தைந்து நிமிடம். தையல் முடிந்தது என்று சொன்னபோது நெவில் திடுக்கிட்டு, “இருங்க, வண்டிக்கு இன்னும் கையெழுத்தே போடலயே!” என்றான். தூக்க மருந்து ஒரு சொட்டுக்கூடச் செலவாகவில்லை.

வெற்றிதான். ஆனால் அன்று பிற்பகல் வரைக்கும்தான். ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு சில ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். நெவிலுக்கு அடைத்துக்கொண்டது. முதலில் மூச்சை எண்ணினான். பிறகு அருவியை நினைத்தான். குழாயைத் திறந்துவிடச் சொன்னான், திறந்துவிட்டேன். வயிறு பானை மாதிரி இறுகியது. பொன்னிற வெளிச்சம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் சிறுநீர்க் குழாய்ப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றேன். நல்ல நர்ஸ் கேட்கக்கூடாததைக் கேட்டேன்:

“யாரை நீ இன்னும் மன்னிக்கல நெவிலு?”

அவன், பெரில் அம்மா முன்பு படுத்திருந்த கட்டிலை ஒருமுறை பார்த்தான். நெற்றியில் வியர்வை.

“அந்தக் குழாயப் போட்டுத் தொலை” என்றான்.

மூன்று வாரம் கழித்து, புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற பௌல்ஸ் கிளப்பின் ஹாலில் கூட்டம். தலைப்பு, அதே ‘கத்தி படும், ஊசி படாது’. எண்பது நாற்காலியும் நிறைந்துவிட்டது. நான் மூன்றாம் வரிசையில் டீயும் லாமிங்டன் கேக்குமாக உட்கார்ந்திருந்தேன். நெவில் படிக்கட்டில் இறங்கினான், கடற்கரையில் நின்றான், திருகைக் குறைத்தான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பின்வரிசையில் ஒரு கைத்தடி தரையைத் தட்டியது. பெரில் அம்மா எழுந்து நின்றார்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு. ஊசி போட்டாங்களா, இல்லையா?”

நெவில் என்னைப் பார்த்தான். நான் கேக்கை ஒரு கடி கடித்தேன்.

“போட்டாங்க” என்றான்.

ஹாலில் சலசலப்பு. பந்தயத்தில் தோற்றவர்கள் ஏதோ சொன்னார்கள்.

“அப்ப இன்னொண்ணு. என் இடுப்பு எதனால சீழ் பிடிச்சுது?”

“கிருமியால.”

“என் தங்கச்சியால இல்லையே?”

“இல்ல, பெரில் அம்மா. நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாத விஷயத்துல வாய வச்சுட்டேன்.”

அவன் அவரைக் ‘கண்ணு’ என்று அழைக்காதது அன்றுதான் முதல்முறை. பெரில் அம்மா உட்கார்ந்தார். “சரி, இப்ப நிஜமா நடந்ததச் சொல்லு” என்றார்.

சொன்னான். தன் குரலிலேயே குற்றம் பார்த்தது, ஜெல்லிமீன், ஸ்டேஷன் வேகன், லாயத்தை இழுப்பது எல்லாம் சொன்னான். சிறுநீர்க் குழாயை மட்டும் விட்டுவிட்டான். ஜனம் கண்ணில் நீர் வரச் சிரித்தது. ஊசி இல்லை என்று சொன்ன கதைக்கு வாயைப் பிளந்தவர்கள், ஊசி போட்ட கதையைக் கேட்டுத் தாங்களும் அவனிடம் வரப் பெயர் கொடுத்தார்கள். ஒன்பது பேர்.

இப்போது அவன் மன்னிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. கடற்கரை வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கூட்டிப் போகிறான். டாக்டர் ஒபி ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரிடமும், “எதப் பத்திப் பேசினா உங்களுக்கு நேரம் போறதே தெரியாது?” என்று கேட்கிறார். ஒருவர் தன் மருமகனைப் பற்றி என்றார். பேச விட்டதில் அழுத்தம் ஏறி, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

கூட்டம் முடிந்த மறுவாரம் நெவில் டாஸ்மேனியாவுக்குப் போன் போட்டு, பழி முழுக்கத் தன்னுடையது என்று எட்னாவிடம் சொன்னான். எட்னா முதல் தடவை போனை வைத்துவிட்டாள். இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவை அவளே கூப்பிட்டாள். அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் வருகிறதாம். இப்போது வியாழக்கிழமை தோறும் போனிலேயே அவளைப் படிக்கட்டில் இறக்குகிறான். அக்காவோடு அவள் இன்னும் பேசவில்லை. பெரில் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, “நெவில் எனக்குப் போட்ட விலையவிட அவளுக்குக் கம்மியாமே?” என்று கேட்டார்.