முதல் ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன்

ஊசி குத்தும்போது ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது என் வழக்கம். திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு வருகிறவர்களில் நல்ல வாட்டசாட்டமான ஆட்கள்தான் ரத்தத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிடுவார்கள். அன்றைக்கு வந்தவர் ஒரு லாரி டிரைவர். எந்த ஊர் என்று கேட்டேன். விக்கிரவாண்டி என்றார்.

“அங்க இன்னா விசேஷம்?”

“டோல்கேட்டத் தாண்டி விழுப்புரம் போற வழியில, உள்ள தள்ளி பெரிசா ஸ்டேடியம் ஒண்ணு கட்டி முடிக்கப்போறாங்கம்மா. ஃபுட்பாலுக்காம். சம்பளத்துக்கு ஆடுற டீமு ஒண்ணு இங்கியே தங்கி ஆடப்போவுதாம்.”

ஊசியை உருவிவிட்டு பஞ்சை வைக்க மறந்துவிட்டேன். அவர்தான், “எம்மா, ரத்தம்” என்று கையை நீட்டினார்.

நான் விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகித் திண்டிவனம் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மாமியார், “எது வந்தாலும் விழுப்புரத்துக்கே குடுத்துடுவானுங்க. நம்ம ஊர்ல இன்னா மண்ணு இல்லியா, மனுசன் இல்லியா?” என்று அலுத்துக்கொண்டபோது, ஸ்டேடியத்தை நானே கையால் கட்டிக் கொடுத்தவள் போல, “பந்து ஆட எங்க ஊருக்குத்தான் தெரியும் அத்தை” என்றேன். பள்ளிக்கூடத்தில் நான் ஃபுட்பால் ஆடினவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சந்தோஷம், என் அம்மாவைப் பார்க்க விழுப்புரம் போன ஒரு சனிக்கிழமையோடு முடிந்துபோனது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய பேனர் ஒன்று கட்டியிருந்தார்கள். ஸ்டேடியத்தின் திறப்பு விழா அறிவிப்பு. அதில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கையைக் கட்டி நின்றிருந்தாள் என் பழைய தோழி. பெண்கள் பிரிவுக்கு அவள்தான் பயிற்சியாளராம். முதல் நாள் பெரிய ஆட்டத்துக்கு முன்னால், மாவட்டத்தின் பழைய பெண்கள் டீம் ஒரு காட்சி ஆட்டம் ஆடப்போகிறது. அதற்கும் அவள்தான் கேப்டன்.

அம்மாவுக்கு வாங்கி வந்த சாத்துக்குடிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த பேனரின் கீழே நின்றேன். அவளுக்குத் தலை நரைக்கவில்லை என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

அவள் கெடாரிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் கோல் போடுகிற ஃபார்வர்ட், நான் அதைத் தடுக்கிற ஸ்டாப்பர். பிராக்டீஸில் அவள் என்னைத் தாண்டிப் போவது அபூர்வம். எங்கே திரும்பப் போகிறாள் என்பது அவள் இடுப்பைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். பி.டி. சாரே ஒருமுறை, “உன்னத் தாண்டிட்டான்னா அவ யாரை வேணாலும் தாண்டிடுவா” என்றார். என்னைப் பாராட்டுகிறாரா அவளைப் பாராட்டுகிறாரா என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மேட்ச் நாட்களில் கோல் போட்டவளைத்தான் தோளில் தூக்கினார்கள். கோல் விழாமல் தடுத்தவளிடம் அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்போதே எனக்குள் அது ஆரம்பித்துவிட்டது.

பன்னிரண்டாவது முடித்ததும் சென்னையில் ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு செலக்‌ஷன் நடந்தது. இரண்டு பேரும் போனோம். என் அப்பா ரயில்வேயில் கேங்மேன். பெண் பந்து ஆடுவதைப் பற்றி யார் என்ன சொன்னாலும், “அவ ஆடுறா, உனுக்கு இன்னா வலிக்குது?” என்று கேட்கிற மனிதர். எனக்காகப் புது பூட்ஸ் வாங்கி, அதில் கீறல் விழாமல் இருக்கப் பேப்பரில் சுற்றி, பையின் அடியில் அவரே வைத்து அனுப்பினார்.

சென்னைப் பெண்கள் எங்களைவிட ஒரு ஜாண் உயரம். அவர்கள் பேசிய வேகமே எனக்கு விளங்கவில்லை. முதல் நாளே ஒருத்தியின் முழங்கை பட்டு என் உதடு கிழிந்தது. ஆனாலும் நன்றாகத்தான் ஆடினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயருக்கு இரண்டு பெயர் மேலே என் பெயர் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயம். வரிசையாகக் கட்டில் போட்ட அந்த அறை, உதட்டில் இன்னும் எரிந்துகொண்டிருந்த புண், நாளைக்கும் நாளன்றைக்கும் அந்த உயரமான பெண்கள். இதை யாரிடமும் சொல்ல முடியாது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவளிடம் மட்டும் சொன்னேன்.

“நான் போவலடி. வூட்ல செலக்ட் ஆவலன்னு சொல்லிடப்போறேன். கேட்டா நீயும் அதையே சொல்லு.”

“பைத்தியமா உனுக்கு? உங்க அப்பா எவ்ளோ ஆசையா இருக்காரு!”

“அதுக்குத்தான் சொல்றேன். எடுத்தாங்க, நான் போவலன்னா அவரு தாங்க மாட்டாரு. எடுக்கலன்னா தாங்கிப்பாரு.”

திண்டிவனம் தாண்டும் வரை அவள் என் மனசை மாற்றப் பார்த்தாள். அப்புறம், “சரி” என்றாள். அதோடு சரி.

அப்பா சாகும் வரை அந்த செலக்‌ஷன் கமிட்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். “விழுப்புரத்துப் பொண்ணுன்னா அவனுங்களுக்கு எளக்காரம்” என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அது அவருக்குத் துக்கமாகத் தெரிந்தது. லேப் டெக்னீஷியன் படித்தேன். கல்யாணமானபோது கணவரிடமும் அதே கதையைச் சொன்னேன். பல வருஷம் சொல்லிச் சொல்லி, என்னை நிஜமாகவே ஒதுக்கிவிட்டார்கள் என்று சில நாட்களில் நானே நம்பினேன்.

அவள் மாநில அணிக்கு ஆடினாள். விமானத்தில் போனாள். பேப்பரில் அவள் படம் வந்தால் அம்மா கத்தரித்து வைத்து, நான் வரும்போது காட்டுவாள். ஒரு சமயம் அவளுக்கு முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆயிற்று, இனி ஆட முடியாது என்று கேள்விப்பட்டேன். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூங்கினேன்.

பேனரைப் பார்த்த நாலாம் நாள் அவளே போன் செய்தாள். பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள், இப்போது இந்த வேலைக்கு வந்துவிட்டாளாம்.

“பழைய டீமு ஆடுறோம், பாத்தியா? நீ வர்ற. ஸ்டாப்பர் இல்லாம இன்னாடி டீமு?”

“எனக்கு டூட்டி இருக்கு.”

“ஞாயித்துக்கெழமடி.”

“லேப்ல ஆளு இல்ல. முட்டியும் வலிக்குது.”

ஜவ்வு கிழிந்தவளிடம் முட்டி வலி என்று சொன்னேன். அவள், “சரி, பாக்க வந்தேன்னா போன் பண்ணு” என்று வைத்துவிட்டாள்.

போகவே கூடாது என்றிருந்தேன். என் கணவர் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை செய்கிறவர். எந்த விளையாட்டையும் உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. அவர் எனக்குத் தெரியாமல் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டார். ஒன்பதாவது படிக்கிற மகளையும் கிளப்பிவிட்டு, “உன் ஊரு ஸ்டேடியம், நீ போவாம யாரு போறது? ஜல்தி கெளம்பு” என்றார். அவர் முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாலு பெரிய விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. சுற்றிலும் கரும்புத் தோட்டம். ரோட்டோரம் அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, அம்பாரமாகக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். தாரை தப்பட்டை ஒரு பக்கம். உள்ளே போய் கேலரிப் படி ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். அப்படி ஒரு பச்சையை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நாங்கள் ஆடிய மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும்; மழை பெய்தால் கார்னர் கொடியே தண்ணீரில் நிற்கும். இங்கே பதினொரு வயதுப் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் புது ஜெர்சியும் புது பூட்ஸுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேலும் பொறாமைப்பட்டேன். ‘உடைமாற்றும் அறை - பெண்கள்’ என்று கதவில் எழுதியிருந்தது. அந்தக் கதவின் மேலும் பொறாமைப்பட்டேன். நாங்கள் மரத்தடியில் ஆளுக்கொரு துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு மாற்றியவர்கள்.

பழைய டீம் வந்தது. அவள் முன்னால் வந்தாள். லேசாகக் காலைச் சாய்த்துத்தான் ஓடினாள், ஆனால் அந்த இடுப்பு மாறவில்லை. நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில், அந்தக் காலத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி நின்றிருந்தாள். எதிர் டீம்காரி அவளைச் சுலபமாக ஏமாற்றிக் கடந்து போகும்போதெல்லாம் சீட்டுக்கு அடியில் என் கால் தானாக நகர்ந்தது.

பத்து நிமிஷம் கழித்துத் தோழிக்கு நல்ல வாய்ப்பு கிடைத்தது. கோல்கீப்பர் மட்டும்தான் எதிரே. அடித்தாள். பந்து கோல் கம்பத்துக்கு மேலே எங்கோ போயிற்று. கூட்டம் மொத்தமும் ‘ச்சே’ என்றது. என் உள்ளே ஒரு குரல், ‘நல்லா வேணும்’ என்றது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி பந்து வந்தது. இந்த முறை இடது காலால் தரையோடு தரையாக உருட்டிவிட்டாள். கோல். கேலரியே எழுந்து நின்றது. என் கணவர் எழுந்து விசிலடித்தார். மகள் குதித்தாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு தனியாக நாலு தட்டு தட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும், “வா, ஃபிரெண்டப் பாத்துட்டு வரலாம்” என்று என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். கீழே கம்பி வேலி வரை போனோம். அவள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. வேலிக்கு மேலாகக் கையை நீட்டி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

“வந்துட்டியா! லேப்ல ஆளு வந்துட்டாங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். “சூப்பரா ஆடுனீங்க மேடம். அன்னிக்கு செலக்‌ஷன்ல இவளையும் எடுத்திருந்தா இவளும் உங்க ரேஞ்சுக்கு வந்திருப்பா. இன்னிக்கு வரைக்கும் அதச் சொல்லி வருத்தப்பட்டுக்கினே இருக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

“ஆமாங்க,” என்றாள். “அன்னிக்கு அவங்களுக்கு ஆளப் பாக்கத் தெரியல. என்னவிட இவ நல்லா ஆடுவா.” பிறகு என் மகளிடம் திரும்பி, “பிராக்டீஸ்ல உங்கம்மாவத் தாண்டுறது எவ்ளோ பேஜாரு தெரியுமா?” என்றாள்.

மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் நான் நிம்மதியாக அவளை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இத்தனை வருஷம் ஒரு பொய்யை எனக்காகச் சுமந்து, கேட்காமலே இன்னொன்றையும் சொல்கிறாள். இதிலும் அவள்தான் ஜெயிக்க வேண்டுமா?

அப்புறம் நடந்த பெரிய ஆட்டம் எனக்குக் கண்ணில் படவில்லை. எங்கள் ஊர் டீம் தோற்றது என்று கணவர் சொல்லித்தான் தெரியும்.

திரும்புகிற பஸ் டோல்கேட் வரிசையில் நின்றது. மகள் முன் சீட்டில் காதில் ஒயரை மாட்டியிருந்தாள். நான் கணவரிடம், “என்னை எடுத்தாங்க” என்றேன்.

“எதுல?”

“அந்த செலக்‌ஷன்ல. என் பேரு பட்டியல்ல இருந்திச்சு. நான்தான் பயந்துக்கினு போவல. அப்பாகிட்ட, உங்ககிட்ட, எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். அவளுக்கு மட்டும் தெரியும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.

“பதினாறு வருஷமா மூஞ்சி தெரியாத எவனையோ திட்டிக்கினு இருந்தேனே,” என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

முன் சீட்டிலிருந்து மகள் திரும்பினாள். ஒயரில் பாட்டு ஓடவில்லை போலும். “எதுக்கும்மா பயந்த?” என்று கேட்டாள்.

“அவங்கள்லாம் ரொம்ப உயரமா இருந்தாங்க,” என்றேன். அதற்கு மேல் எனக்கும் காரணம் தெரியவில்லை. அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது குழம்பில் உப்பு குறைச்சல் என்றார். அதோடு அது முடிந்தது.

அடுத்த வாரம் தோழியிடமிருந்து செய்தி வந்தது. ஞாயிறு காலையில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்து சின்ன மைதானத்தில் வயசான பெண்களுக்குப் பயிற்சி என்று போட்டு, ‘வயசான’ என்பதற்குப் பக்கத்தில் சிரிக்கிற முகம் நாலு வைத்திருந்தாள். முதல் பஸ் பிடித்துப் போனேன். வேலியில் நடந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அப்போது அவள் பந்தோடு என்னை நோக்கி வந்தாள். இடுப்பைப் பார்த்தேன். வலது பக்கம் என்று தெரிந்தது. காலை நீட்டிப் பந்தைப் பிடுங்கிவிட்டு அப்படியே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டேன்.

“அதே காலுடி உனுக்கு!” என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அந்தச் சந்தோஷம் தண்ணீர் குடிக்கப் போகும் வரைதான் இருந்தது. அங்கே எல்லோரும் அவளை ‘கோச்’ என்று கூப்பிட்டார்கள். என்னை ‘அக்கா, கொஞ்சம் தள்ளுங்க’ என்றார்கள். அந்த வாரம் முழுக்க ஊசி குத்தும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன்.