எழுபத்திரண்டா, எழுபத்தெட்டா

இங்கிலாந்தில் நான் இருக்கும் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். அவற்றில் ஏழு வீட்டு வாசலில் ஓடாத கார் நிற்கிறது. ஏழுக்கும் போர்வை உண்டு. அளவெடுத்துத் தைத்த, ஓரத்தில் கயிறு வைத்த நல்ல போர்வை. மன்னாரில் ஓடாத காருக்குக் கீழே கழுதை படுத்திருக்கும். அதைக் கலைக்கக்கூட யாரும் வெளியே வரமாட்டார்கள். இங்கே மழை இருட்டினால் மனிதர்கள் குடையை மறந்துவிட்டுக் காருக்குப் போர்வை தேடி ஓடுகிறார்கள். நாற்பத்தொரு வருடமாக இதைப் பார்த்துச் சிரித்து வந்த நான், எழுபத்து மூன்றாவது வயதில் எட்டாவது போர்வைக்காரனாகப் புறப்பட்டதைத்தான் எழுத வந்தேன்.

காரணம் என் மனைவி பிலோமினாவின் முழங்கால்கள். போன வருடம் மாதா கோயில் வாசலில் எங்கள் சின்னக் காரிலிருந்து அவளால் எழும்ப முடியவில்லை. பூசைக்கு வந்த இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பதினொரு பேர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "ஆக்கள் பிடிச்சு இழுக்கிற வாகனத்தில நான் இனி ஏறமாட்டன்" என்றாள். அதன்பிறகு கோயிலுக்கு, வயதானவர்களை ஏற்றிப்போகும் படி வைத்த வேனில் போனாள். எனக்குப் பக்கத்து ஆசனம் எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. சாமான் வாங்கிய பையை அதில் வைத்து ஆசனப்பட்டி போட்டுக்கொண்டு வருவேன். போடாவிட்டால் கார் கத்தும்.

கலியாணமான புதிதில், மன்னாரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் நான் லிகிதராக எழுத்து வேலை பார்த்த காலத்தில், கடலுக்கு நடுவே போகும் தாம்போதியால் இவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போகையில் ஒரு சிவப்புக் கார் எங்களைக் கடந்து போனது. கூரை இல்லாதது, இரண்டு ஆசனம் மட்டும். யாருடையது என்று இன்றுவரை தெரியாது. "அதில போனா முடி என்ன கதியாகும்" என்று இவள் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் சைக்கிள் ஆடியது. ஒருநாள் வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னேன். மூச்சு வாங்கியபடி சொன்னதால் அதை அவள் கணக்கில் எடுத்திருக்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன். வாங்கிய கார்கள் ஒன்பது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "இதுக்குக் கூரை இருக்கே" என்றுதான் சொன்னாள்.

ஆகவே அந்தச் சாதிக் காரைத் தேடினேன். நாற்பது மைல் தள்ளி ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கொட்டிலில் இரண்டு நின்றன. ஒன்று எழுபத்திரண்டாம் ஆண்டு, மற்றது எழுபத்தெட்டு. இரண்டுக்கும் எஞ்சின் செத்துவிட்டது. பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினை வைத்திருந்தார்; நான் தேர்ந்தெடுக்கும் காரில் அதைப் பொருத்தித் தருவார். எழுபத்திரண்டுக்கு வெள்ளி போல மின்னும் பம்பர், நிலத்தோடு படுத்த அழகு. ஆனால் அந்த எஞ்சினை உள்ளே இறக்க இரும்பை வெட்டவேண்டும், தட்டவேண்டும். எழுபத்தெட்டுக்கு மூக்கில் கறுப்பு ரப்பர். பார்த்தால் பல்லுக் கட்டிய கிழவன் மாதிரி. ஆனால் ரேடியேற்றரை முன்னே தள்ளி வைத்திருப்பதால் எஞ்சினுக்கு இடம் தாராளம். நான் கொப்பி எடுத்து இரண்டு பக்கமும் காரணங்கள் எழுதினேன். எழுபத்திரண்டுக்குப் பதினாலு, எழுபத்தெட்டுக்கு ஒன்பது.

மனைவியின் தம்பி றெஜி மன்னார்ப் பக்கம் பேசாலையில் மீன்பிடி போட் எஞ்சின் திருத்துகிறவன். அவனுக்கு வாட்சப்பில் எடுத்து இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன்.

"அத்தான், எஞ்சினைக் கழட்டி எறியப் போறியள். பிறகேன் வருசத்தைப் பிடிச்சுத் தொங்குறியள்?" என்றான். "இஞ்ச பெற்றோல் இல்லாத காலத்தில தண்ணி இறைக்கிற எஞ்சினைப் போட்டு வேன் ஓட்டினனாங்கள். அது எந்த வருசம் எண்டு வேனும் கேக்கேல்ல, எஞ்சினும் கேக்கேல்ல."

"எட்டுச் சிலிண்டரடா."

"எட்டோ? எங்கட போட்டுக்கு ஒண்டே காணும், இந்தியாக் கரை தெரியுமட்டும் போகும். நீங்கள் கோயிலுக்குத்தானே போறியள்?" பிறகு கேட்டான்: "அது சரி, அக்கா எழும்புவாவோ? எது உயரம்?"

கொப்பியில் இருபத்து மூன்று காரணங்கள் இருந்தன. அது மட்டும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாளே அளவு நாடாவோடு கொட்டிலுக்குப் போனேன். எழுபத்தெட்டு ஒன்றரை அங்குலம் கூடுதல் உயரம். பம்பர் உயரத்துக்கு வந்த சட்டத்துக்காகக் கம்பனி காரையே தூக்கிக் கட்டியதாகக் கிழவர் துக்கத்தோடு சொன்னார். எனக்கு அதுதான் வேண்டும் என்றதும் ஏன் என்று கேட்டார். மனைவியின் 'நீஸ்' என்றேன். முழங்கால்களுக்கும், சகோதரத்தின் மகளான பெறாமகளுக்கும் ஆங்கிலத்தில் சிறிய சத்த வித்தியாசம் உண்டாம். என் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

"என்ன வயது?" என்றார் அனுதாபத்தோடு.

"அறுபத்தெட்டு. இரண்டுக்கும்."

"இரட்டையர்களா?"

இதென்ன கேள்வி என்று யோசித்தேன். "ஓம், ஒன்றாகப் பிறந்ததுதான். இடது பக்கத்தது கூடக் கரைச்சல் தருகிறது."

"எந்தக் குடும்பத்திலும் ஒருத்தி அப்படித்தான்" என்று தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் பதினேழாவது மைலில்தான் எனக்கு விளங்கியது.

நாலு மாதம் கழித்துக் கார் வந்தது. பிலோமினா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "மூஞ்சி வடிவில்லை" என்றாள். பிறகு கூரை இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தாள். உள்ளே போய் முக்காட்டுத் துணியோடு வந்து ஏறினாள். ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்குவதுதான். அதனால் போகும் வழி முழுக்க உயரமான நடைபாதையாகத் தேடிக்கொண்டு போனேன். கடற்கரைத் தெருவில் நடைபாதை ஓரமாக நிறுத்தினேன்.

நாயோடு வந்த ஒருவர் நின்றார். இந்த நாட்டு ஆண்கள் காரை 'அவள்' என்று சொல்வார்கள். "அவள் எந்த வருடம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுன் பிலோமினா, "எண்பத்தாறு" என்றாள். ஆஸ்பத்திரியிலும் அரசாங்கக் கந்தோரிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும், நீ இங்கே எந்த வருடம் வந்தாய் என்று கேட்டுக் கேட்டு எனக்கு இரண்டு வருடம் பிந்தி வந்த அவளுக்கு அது பாடமாகிவிட்டது.

அந்த மனிதர் ரப்பர் மூக்கைக் குனிந்து பார்த்து, "அதைவிட வயது தெரிகிறதே" என்றார். இவள் முகம் சுருங்கியது. நான் அவசரமாக, "உடம்பு முந்தியது, எஞ்சின்தான் பிறகு மாற்றியது" என்றேன். திருப்தியோடு போனார்.

"நான் கிழவி எண்டோ சொல்லிப்போட்டுப் போறான்?" என்று கேட்டாள். விளங்கப்படுத்தினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபிறகு, "அப்ப எண்பத்தாறுக்கு முந்தி நான் இருந்த இருபத்தொன்பது வருசமும் ஆரின்ர கணக்கிலயப்பா?" என்றாள்.

இறங்கிச் சுற்றிவந்து கையை நீட்டினேன்.

"கை தரவேண்டாம். தள்ளி நில்லுங்கோ."

கதவைப் பிடித்து, இடது காலை மெல்லத் தூக்கி நடைபாதையில் வைத்தாள். அது ஊன்றியது. முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. ஆனால் உடனே எழும்பவில்லை. ஒரு கால் இங்கிலாந்தின் கல்லில் இருக்க, மற்றக் காலைக் காருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முக்காட்டுத் துணி கழுத்தில் சரிய, அவசரமில்லாமல் கடலைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள்.