ஒரே குழி

என் மகளைக் கொன்றவனுக்காக ஸ்தோத்திரம் சொன்ன சபையில்தான் இன்றைக்கும் நான் போய் உட்காருகிறேன். 'கொன்றவன்னு சொல்லாதே' என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தம்பி ஆயிற்றே! வேறு எப்படிச் சொல்வதாம்? பரீட்சைக்கு நேரமாகிவிட்டது, பஸ்ஸைக் காணோம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று பைக்கில் ஏற்றினான். ராத்திரி குடித்தது அவனுக்கு இறங்கவே இல்லை. அது எங்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். ஓசூர் ரோட்டில் டிவைடரில் கொண்டுபோய் மோதினான். அவன் காலுக்குள் கம்பி வைத்து நடக்கவைத்தார்கள். என் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் அவன் சொட்டுக்கூடத் தொடவில்லை. இரட்சிக்கப்பட்டான். பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெருவிலேயே வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடத்தினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னான்: "எங்கண்ணன் பொண்ணோட சாவுதான் என் கண்ணைத் தெறந்துச்சு. கர்த்தர் என்னை மன்னிச்சிட்டாரு." சபை மொத்தமும் அல்லேலூயா என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் நான் நாலு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா கர்த்தர்? இவன் திருந்துவதற்கு என் பிள்ளைதானா கிடைத்தாள்?

அவனும் கேட்காமல் இல்லை. பெரிய வெள்ளி தவறாமல் வாசலில் வந்து நிற்பான். "அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க." "அடுப்புல பால் வெச்சிருக்கேம்ப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்று உள்ளே போய்விடுவேன். பரமண்டல ஜெபத்தில் மன்னிக்கிற வரி வரும்போது வாயை மூடிக்கொள்வேன். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போக, மனசில் பகை வைத்திருக்கிற நான் பெஞ்சிலேயே இருப்பேன். பாஸ்டர் வீட்டுக்கு வந்து, "கசப்பு உங்களத்தான் அரிக்கும் சிஸ்டர்" என்றார். "அரிக்கட்டும் பாஸ்டர். அரிக்கறதுக்கு என்ன மிச்சமிருக்கு?" என்றேன்.

முயற்சி பண்ணாமல் இல்லை. முழங்காலில் நிற்கிறவரை மன்னித்திருப்பேன். எழுந்து நாஷ்டா பண்ண அடுப்படிக்குப் போவதற்குள் எல்லாம் பழையபடி வந்து நிற்கும்.

போன வருஷம் ஒரு காலையில் குளிக்கப்போன இடத்திலேயே விழுந்து செத்துப்போனான். மாரடைப்பு. அப்போதுதான் கல்லறையின் விஷயம் வந்தது. எங்கள் சபைக் கல்லறையில் புதுக்குழி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், இடமே இல்லை. குடும்பத்துக்கு ஏற்கெனவே குழி இருந்தால் அதைத் திறந்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் எலும்பைத் துணியில் கட்டி அடியில் வைத்து, மண் போட்டு, மேலே புதுப் பெட்டியை இறக்குவார்கள். பெங்களூரில் இப்போது பாதிக் குடும்பம் இப்படித்தான் படுத்திருக்கிறது, தாத்தாமேல் பாட்டி, பாட்டிமேல் மகன். எங்கள் வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு குழி. என் மகளுடையது. அதைத் திறக்க நானும் என் வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும்.

என் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "கண்ணு, இல்லேன்னா ஆனேக்கல்லுக்கு அந்தாண்ட எங்கியோ கொண்டும்போய் போட்டுடுவாங்கடி. நான் எப்படி போய்ப் பார்ப்பேன்?"

"அவ மேலயா அத்தே? அவ மேலயேவா வைக்கச் சொல்றீங்க?"

"நானும் புள்ளையத்தானே குடுத்துட்டு நிக்கறேன்" என்று என் காலைத் தொடக் குனிந்தார். முட்டி மடங்கவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டார். நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். அவரும் பெற்றவர்தான். எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்து என்ன ஆகிவிடுகிறது?

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நீ சொல்றதுதான்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வைங்க" என்று வந்தது. மன்னித்துச் சொல்லவில்லை. ஹாலில் ஐஸ் பெட்டி, வாசலில் வாடகை நாற்காலி நிறைய ஜனம், அந்த அம்மாவின் மூச்சு இரைக்கிற சத்தம். அலுத்துப்போய்ச் சொன்னேன்.

உடல் வருவதற்கு முன்பே நான் கல்லறைக்குப் போய்விட்டேன். குழி திறந்துகொண்டிருந்தவர், "நீங்க பார்க்க வேணாம்மா, அந்தாண்ட போங்க" என்றார். "என் புள்ளப்பா. நான் பார்க்காம வேற யாரு பார்க்கறது?" என்றேன். அவர் மறுபடி குழிக்குள் இறங்கினார். அவளுக்குக் கடைசியாகப் போட்டுவிட்ட வெள்ளை கவுனில் லேஸ் மட்டும் மக்காமல் இருந்தது. நான் கொண்டுபோயிருந்த நூல் புடவையில் எல்லாவற்றையும் கட்டினார். பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தார்களே, அந்த அளவுதான் இருந்தாள். மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், ஐயோ என் கண்ணே என்று வாய்விட்டு அழுதேன். ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் நுழைந்ததும் அவர் கை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் என் பக்கம் கை காட்டி, கிறிஸ்துவின் மன்னிப்பை இந்தச் சகோதரியிடம் பாருங்கள் என்று பிரசங்கம் பண்ணினார். கூட்டம் கலையும்போது ஒவ்வொருத்தராக வந்து என் கையைப் பிடித்தார்கள். "உங்கள மாதிரி யாரால முடியும் சிஸ்டர்!" அடப்பாவிகளா, என்னால் மட்டும் முடிந்ததா? என் பிள்ளைமேல் பெட்டி இறங்கினபோது அந்தக் கயிற்றைப் பிடுங்கி எறியலாமா என்றுதான் எனக்கு இருந்தது. யாரிடம் போய்ச் சொல்ல? இப்போது திருவிருந்துக்கு நான் எழுந்திருக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களே தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறார்கள். அவளுக்கென்று வாங்கிப்போகிற செவ்வந்தியும் இப்போது அவனுக்கும் சேர்த்துத்தான்.

கடைசி நாளில் எக்காளம் ஊதும், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று பால்ய வயதிலிருந்து நம்புகிறவள் நான். பிள்ளை போனபின் எனக்கு இருக்கிற நம்பிக்கையே அது ஒன்றுதான். அவள் அடியில் இருக்கிறாள், மேலே மண், மண்ணுக்கு மேலே அவன். அவள் என்னிடம் வரவேண்டுமென்றால் முதலில் அவன் எழுந்து நகர வேண்டாமா? ஆண்டவருக்கு மண் ஒரு தடையா சிஸ்டர் என்று பாஸ்டர் சிரிப்பார். தடையில்லைதான். ஆனால் அந்தக் குழியை எட்டிப் பார்த்தவள் நான், பாஸ்டர் இல்லை.

அதனால் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்காக ஜெபிக்கிறேன். மன்னித்தேன் என்று இன்னும் வாயில் வரவில்லை. அவனை எழுப்பும் ஆண்டவரே, எழுப்பி என் பிள்ளைக்கு வழிவிடச் சொல்லும் என்று மட்டும் கேட்கிறேன்.